சிவப்பா, பச்சையா: சாந்தோமிலிருந்து தி.நகர் வரை ஒரு சனிக்கிழமை

இந்தப் பக்கத்துக்கு வழக்கமாக வருகிறவர்கள் ஏதாவது அருவியோ மலைப்பாதையோ இருக்கும் என்று நம்பி வந்திருப்பீர்கள். மன்னிக்கவும். இந்தத் தடவை நான் ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. அசோக் நகரில் கிளம்பி அடையார், சாந்தோம், மயிலாப்பூர், தி.நகர் என்று சுற்றிவிட்டு மறுபடி அசோக் நகரிலேயே வந்து விழுந்தேன். மொத்தம் இருபத்திரண்டு கிலோமீட்டர் சொச்சம். ஜனவரி மாதம், மூன்றாவது சனிக்கிழமை. காலை ஏழரைக்குக் கிளம்பி மாலை ஆறரைக்கு வீட்டில் இருந்தேன். இதுவரை போன எந்தப் பயணத்திலிருந்தும் இவ்வளவு குழம்பித் திரும்பியதில்லை.

ஏன் போனேன் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் என் பிழைப்பைச் சொல்ல வேண்டும். தரமணியில் ஓர் அலுவலகம். பெயர் வேண்டாம், வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கணினிக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் எங்கள் வேலை. படத்தில் இருக்கும் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கட்டம் போட்டு, இது கார், இது நாய், இது சாலைப் பள்ளம் என்று குறிக்க வேண்டும். இப்படி மலைமலையாகக் குறித்துக் கொடுத்தால், பிறகு கணினி தானாகவே கண்டுபிடிக்கும். என் குழுவில் என்னையும் சேர்த்து எட்டுப் பேர். தக்காளியில் எது பழுத்தது, எது அழுகியது என்று ஒரு வருடம் முழுக்கக் குறித்திருக்கிறோம். வீட்டில் ரசத்துக்குத் தக்காளி எடுத்தால்கூட மனசுக்குள் கட்டம் போடுவேன்.

பொங்கலுக்கு முன்னால் புது வேலை ஒன்று மாதிரிக்கு வந்தது. வானத்திலிருந்து எடுத்த படங்கள். மண் நிறத்தில் தெருக்கள், கூரைகள், அவற்றுக்கு நடுவில் எறும்பு அளவில் மனிதர்கள். ஒவ்வொரு மனிதரையும் சுற்றிக் கட்டம் போட வேண்டும். ஆயுதம் வைத்திருக்கும் ஆள் என்றால் சிவப்புக் கட்டம். சாதாரண ஜனம் என்றால் பச்சை. எந்த நாடு, எந்தச் சண்டை, யார் கேட்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "உமா, போன வருஷம் தக்காளி எந்தத் தோட்டத்துதுன்னு கேட்டியா?" என்றார் எங்கள் மேலாளர். அவருக்கு அது நகைச்சுவை.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு என் குழு இந்த வேலையை எடுக்கிறதா இல்லையா என்று நான் சொல்லியாக வேண்டும். எடுத்தால் இரண்டு வருடத்துக்கு யாருக்கும் கவலையில்லை. எடுக்காவிட்டால் எட்டுப் பேரும் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்போம். எங்கள் தொழிலில் உட்கார்ந்திருப்பவர்களை நெடுநாள் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

குழுவில் இரண்டு பேர் நேரடியாகச் சொல்லிவிட்டார்கள். "எங்க ஹஜ்ரத்கிட்ட கேட்டுட்டுதான்க்கா நான் சொல்லுவேன்" என்றாள் ஃபரீதா. தி.நகரில் அவள் வீட்டுப் பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிறவரைத்தான் அப்படிச் சொன்னாள். "அப்போ நானும் ஃபாதராண்ட கேக்கறேன்" என்றாள் பிரிசில்லா. பிரிசில்லாவின் குடும்பம் பட்டினப்பாக்கம் குடிசைப் பகுதியில் இருந்தது. இப்போது பெரும்பாக்கத்துக்குப் பெயர்த்துப் போட்டிருக்கிறார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இன்னும் சாந்தோமுக்குத்தான் வருவாள். வீட்டில் ஐந்து பேருக்கு அவள் சம்பளம்தான் சோறு.

எனக்குக் கேட்க ஆளில்லை. எங்கள் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே போர்க்களமும் தேரும் சாரதியும் வந்துவிடும். சிறுவயதிலிருந்து கேட்டுக் கேட்டு என் காது மரத்துவிட்டது. வேறு யாராவது சொன்னால் உறைக்குமோ என்ற ஆசையில் இரண்டு பேரோடும் நானும் ஒட்டிக்கொண்டேன். "ரெண்டு பேர்கிட்டயும் கேட்டா ரெண்டு பதில் வரும். அப்புறம் என்ன பண்ணுவ?" என்றார் வீட்டுக்காரர், செய்தித்தாளை இறக்காமலே. அவர் பேச்சை நான் என்றைக்குக் கேட்டேன்.

அசோக் நகரிலிருந்து அடையார் சிக்னல் ஏழு கிலோமீட்டர். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் செலவு பூஜ்யம். சனிக்கிழமை காலையில் முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அடையாரில் மூவரும் சேர்ந்து ஆட்டோ பிடித்தோம். இருநூறு கேட்டார், நூற்றெண்பதுக்கு ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டவர் பட்டினப்பாக்கம் வந்ததும் முகத்தைச் சுளித்தார். சாலையில் காவல்துறைத் தடுப்பு.

"இன்னிக்கு ரிகர்சலுமா. குடியரசு தினத்துக்கு பீச் ரோட்ல பரேடு விடறாங்க இல்ல, அத்தொட்டு எல்லாத்தையும் மூடி வச்சிக்கினு கீறாங்க. மந்தைவெளி சுத்திக்கினுதான் போவணும். மேல இருபது ரூபா போட்டுக் குடு."

"அண்ணே, இன்னா நீ, நூத்தியெம்பது பேசிட்டு இப்போ இப்டி சொல்றே?" என்று பிரிசில்லா பாய்ந்தாள்.

"ரோட்ட நானாமா மூடுனேன்? சர்க்கார் மூடுது. சண்டை எவனோ போடறான், பெட்ரோல் நம்முது எரியுது."

இதைச் சொல்லும்போது நாங்கள் எதற்காகப் போகிறோம் என்று அவருக்குத் தெரியாது. மந்தைவெளி, கச்சேரி சாலை வழியாகச் சுற்றி எட்டே முக்காலுக்கு இறங்கினோம். இருநூறையும் கொடுத்தேன்.

ஃபாதருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. என்னைவிட இளையவர். கணினிப் பொறியியல் படித்துவிட்டு, பாதிரியாராவதற்குக் குருமடத்துக்குப் போனவராம். அது தெரிந்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் மூன்று மாடி வீட்டின் மொட்டைமாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். கடல் காற்று, பிஸ்கட், சர்க்கரை தூக்கலான காபி. விஷயத்தைச் சொன்னேன்.

"முதல்ல எங்ககிட்டயே ஒரே பதில் கிடையாதுங்க" என்று ஆரம்பித்தார். "வாளை உறையில போடுன்னு ஆண்டவர் சொன்ன இடம் இருக்கு. பகைவனை நேசின்னு சொன்ன இடம் இருக்கு. ஆரம்ப காலத்துக் கிறிஸ்தவங்க நிறையப் பேர் படையில சேரவே மறுத்தாங்க. ஆனா படைவீரங்க வந்து 'நாங்க என்ன செய்யணும்'னு திருமுழுக்கு யோவான்கிட்ட கேக்கறாங்க. அவர் வேலைய விட்டுடுங்கன்னு சொல்லல. யாரையும் மிரட்டிப் பறிக்காதீங்க, சம்பளம் போதும்னு இருங்கன்னார்."

சம்பளம் என்ற சொல் வந்ததும் பிரிசில்லா என்னைப் பார்த்தாள். நான் பிஸ்கட்டைப் பார்த்தேன்.

பேரரசே கிறிஸ்தவமான பிறகு, சண்டையே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லையாம். அதனால் எப்போது சண்டை நியாயம் என்று பெரியவர்கள் உட்கார்ந்து விதி எழுதினார்கள். அதிகாரம் உள்ளவர்தான் போரை அறிவிக்கலாம். காரணம் நியாயமாக இருக்க வேண்டும். மற்ற வழியெல்லாம் மூடிய பிறகுதான் கத்தியை எடுக்கலாம். விளையும் நன்மையைவிடக் கேடு பெரிதாக இருக்கக் கூடாது. நிரபராதிகளைக் குறிவைக்கக் கூடாது. ஃபாதர் விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கும் தெளிந்துகொண்டே வந்தது. அப்போதுதான் அவர் இன்னொன்றைச் சொல்லிக் கெடுத்தார்.

"ஆனா நியாயமான போர்ல கொன்னுட்டு வந்த வீரனுக்கும் சில காலத்துல தவம் விதிச்சிருக்காங்க. இத்தனை நாள் பூசையில நற்கருணை அப்பம் கிடையாது, இத்தனை நாள் நோன்புன்னு."

"நியாயம்னா எதுக்கு ஃபாதர் தவம்? தப்புன்னா எதுக்கு அனுமதி?"

"அதாங்க எனக்கும் பிடிபடல" என்றார். சிரிக்கவில்லை. "நியாயமா இருந்தாலும் காயம் காயந்தான்னு நெனச்சாங்களோ என்னவோ. இன்னொரு விஷயம், இதெல்லாம் ராஜாவுக்கும் தளபதிக்கும் சிப்பாய்க்கும் எழுதினது. தரமணியில கட்டம் போடறவங்களுக்குன்னு யாரும் எழுதல. நிரபராதியத் தொடாதேன்னு விதி சொல்லுது. யாரு நிரபராதின்னு பிரிச்சுக் காட்டறது உங்க வேலைன்னு சொல்றீங்க. அப்படிப் பாத்தா நீங்க விதியக் காப்பாத்தறீங்க. ஆனா யாருடைய போர்னு உங்களுக்குத் தெரியாது. அப்படிப் பாத்தா, அதிகாரம் உள்ளவரோட போரான்னு கேக்கற முதல் விதியிலயே நின்னுபோவுது."

முடிவெடுக்காதவர்களை மதில்மேல் பூனை என்பார்கள். அந்த மொட்டைமாடியில் நான்கு பூனைகள் உட்கார்ந்திருந்தோம்.

எழுந்து கைப்பிடிச் சுவர் ஓரம் போனேன். சாந்தோமில் உயரமான இடம் கிடைத்தால் எல்லோரும் கடலைத்தான் பார்ப்பார்கள். நாங்கள் மூவரும் கீழே பார்த்தோம். மாதிரி வேலை பார்த்த ஒரு வாரப் பழக்கம். பக்கத்து மைதானத்தில் முப்பது முப்பத்தைந்து பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். மண் நிற உடை. எல்லார் தோளிலும் நீளமாக ஒன்று. ஓரத்தில் ஒரு பெரிய வண்டி.

"சிவப்பு" என்றாள் பிரிசில்லா. கை தானாக ஆகாயத்தில் கட்டம் போட்டது. "அந்தாண்ட நிக்கறவரும் சிவப்புதான்க்கா. ஃபுல்லா சிவப்பு."

"வண்டிய விட்டுட்டியே" என்றேன் நான். மேற்பார்வையாளர் புத்தி. ஃபரீதா மட்டும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபாதர் எட்டிப் பார்த்தார். "யாரைச் சொல்றீங்க? அது நம்ம ஸ்கூல் பசங்க. எட்டாவது, ஒம்பதாவது. என்.சி.சி. பரேடு ரிகர்சல் முடிஞ்சு டிபனுக்கு வந்திருக்காங்க. தோள்ல இருக்கிறது டம்மி துப்பாக்கி."

சொல்லி முடிப்பதற்குள் கீழே விசில் சத்தம் கேட்டது. வரிசை கலைந்தது. தோளில் இருந்ததையெல்லாம் ஒரு மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தார்கள். பொங்கலோ கிச்சடியோ, மேலிருந்து தெரியவில்லை. ஒருத்தி இன்னொருத்தியின் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

"இப்போ பச்சை" என்றாள் ஃபரீதா மெதுவாக.

எங்களுக்குக் கொடுத்திருந்த விதிப்படி ஒரு நிமிடத்துக்கு முன்னால் அவர்கள் சிவப்புதான். வரிசை, சீருடை, தோளில் ஆயுதம், அருகில் வண்டி. அதில் ஒரு தவறும் கிடையாது. அலுவலகத்தில் என் முன்னால் இந்தப் படம் வந்திருந்தால் பிரிசில்லாவுக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பேன். ஃபாதரிடம் சொல்லிக்கொண்டு கீழே இறங்கினோம். வாசல்வரை வந்தவர், "உங்களுக்காக வேண்டிக்கிறேன்" என்றார். எதற்காக என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

சாந்தோமிலிருந்து மயிலாப்பூர் குளத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். நடந்தே போகலாம். ஆனால் மெட்ரோ தோண்டிப் போட்டிருப்பதால் நடைபாதை என்று ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு நடக்க வேண்டும். மாட வீதிகளில் கொஞ்சம் சுற்றினோம். ஃபரீதா தன் பெண்ணுக்கு வளையல் வாங்கினாள். பதினொன்றரைக்கு ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்துவிட்டோம். அளவில்லாச் சாப்பாடு நூற்றைம்பது. பன்னிரண்டரைக்கு மேல் போனால் சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவர் மோர் குடிப்பதை எண்ண வேண்டியிருக்கும், முன்பே போய்விடுங்கள். வத்தக்குழம்பு பிரமாதம். இவ்வளவு மனக்கஷ்டத்திலும் இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

சாப்பிடும்போதே சண்டை வந்துவிட்டது. "நாம சரியாக் குறிச்சா தப்பான ஆளு சாவறது குறையும்னு மேனேஜர் சொன்னாரு. அது பொய்யில்லையே?" என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"சரியாக் குறிச்சோம்தானே இப்போ? அந்தப் பசங்கள?" என்றாள் ஃபரீதா.

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்றே? நாம உட்டா வேற எவனோ குறிப்பான். அவன் பாத்துகினு குறிப்பானா, தூங்கிகினு குறிப்பானா, யாரு கண்டா?" பிரிசில்லா அப்பளத்தை நொறுக்கினாள். "எனுக்கு வேலை வேணும்க்கா. ஆனா அந்தப் பொண்ணு தொப்பியத் தூக்கிகினு ஓடுச்சு பாரு, அது கண்ணுலயே நிக்குது."

பரிமாறுகிறவர் ரசத்தோடு நின்று எங்கள் மூன்று முகங்களையும் பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். எனக்கு ரசம் போயிற்று.

லஸ் முனையிலிருந்து பனகல் பூங்காவுக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும். பேருந்தில் ஐம்பது நிமிடம். ஆட்டோவில் போனாலும் அதே ஐம்பது நிமிடம்தான், கூடவே இருநூறு ரூபாய். சனிக்கிழமை மதியம் தி.நகருக்குள் போவது பற்றி ஏற்கெனவே ஒரு பதிவில் திட்டித் தீர்த்திருக்கிறேன், திரும்ப வேண்டாம். கடைத்தெருவைத் தாண்டி இரண்டு திருப்பம் திரும்பினால், இது தி.நகர்தானா என்று கேட்கிற அளவுக்கு அமைதியான ஒரு தெரு. ஒரு சின்னப் பள்ளிவாசல், அதை ஒட்டி ஹஜ்ரத் வீடு. முன்னறையில் பிள்ளைகள் ஓதும் சின்ன மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எங்களுக்கு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். அவர் மனைவி எலுமிச்சைத் தேநீரும் சமோசாவும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தானும் கதவோரம் உட்கார்ந்துகொண்டார்.

சட்டென்று தீர்ப்புச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் அரை மணி நேரம் எங்களைக் கேள்வி கேட்டார். எங்கே உட்காருவீர்கள், படம் எவ்வளவு பெரிது, முகம் தெரியுமா, ஒரு படத்துக்கு எவ்வளவு நேரம், குறித்ததை யார் சரிபார்ப்பார்கள். "விவரம் தெரியாம பதில் சொல்றது எங்க வழக்கம் இல்லம்மா. நெலவரத்தத் தெரிஞ்சுக்காம சட்டத்தச் சொன்னா, சட்டம் சரியா இருக்கும், பதில் தப்பா இருக்கும்" என்றார்.

ஜிஹாத் என்ற சொல்லை நான் கவனமாகத் தவிர்த்து வந்தேன். அவரே எடுத்தார். "நீங்க கேக்கத் தயங்கறது புரியுது. டாக்டர்கிட்ட போனாக்கூட என்னை அதைத்தான் கேக்கறாங்க. அந்த வார்த்தைக்கு முயற்சின்னு அர்த்தம். சண்டையும் அதுல ஒண்ணு. ஆனா தனி ஆளு நெனச்ச நேரத்துல கெளம்பற விஷயம் இல்ல அது. உங்களோட சண்டைக்கு வர்றவங்களோட சண்டை போடுங்க, வரம்பு மீறாதீங்கன்னு கட்டளை. வரம்பு என்னன்னும் சொல்லியிருக்கு. நபிக்கு அப்புறம் தலைமை ஏத்த முதல் கலீஃபா படையை அனுப்பும்போது சொல்லி அனுப்பினாங்க. பொம்பளைங்க, கொழந்தைங்க, வயசானவங்க, இவங்களக் கொல்லக் கூடாது. காய்க்கிற மரத்த வெட்டக் கூடாது. மடத்துல தவம் இருக்கிற துறவிங்கள அப்படியே விட்டுடணும். கூலிக்கு வேலை செய்ய வந்தவனையும் கொல்லக் கூடாதுன்னு நபி சொல்லியிருக்காங்க."

கூலிக்கு வந்தவன் என்றதும் எனக்கு ஒரு வெளிச்சம். "அப்போ நாங்க கூலி ஆளுங்கதானே ஹஜ்ரத்? எங்க மேல என்ன இருக்கு?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "உங்களக் கொல்லக் கூடாதுன்னுதாம்மா சொல்லியிருக்கு. நீங்க செஞ்சதுக்குக் கேள்வி கிடையாதுன்னு சொல்லல."

வெளிச்சம் அணைந்தது. இங்கும் ஒரே பதில் கிடையாது என்பதையும் அவர் மறைக்கவில்லை. சண்டை போடுகிறவனை மட்டும்தான் தொடலாம் என்பது ஒரு சாரார் கருத்து. சண்டை போடத் தெம்புள்ள ஆண் எவனும் அதில் சேர்த்திதான் என்பது இன்னொரு சாரார் கருத்து. இரண்டு சாராரும் பெரிய அறிஞர்கள். காலையில் ஃபாதர் வைத்த முடிச்சின் மேல் இவர் இன்னொன்று வைத்தார். முடிச்சு வேறு, கயிறு ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. இதைத் தெளிவு என்று நினைக்காதீர்கள், தேநீர் வேலை செய்திருக்கும்.

பிறகு அவர் கேட்ட கேள்வியில்தான் எல்லாம் குப்புற விழுந்தது. "சரி, ஆயுதம் இருக்கா இல்லையான்னு தெரியல. சந்தேகமா இருக்கு. அப்போ என்ன நெறம் போடுவீங்க?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்களிடம் மூன்றாவது நிறம் கிடையாது. தெரியவில்லை என்று சொல்ல ஒரு பொத்தான் கிடையாது. அதற்கும் ஒரு விதி இருந்தது, ஒரு வாரமாக அதைக் கூசாமல் பின்பற்றியும் இருந்தோம். ஃபரீதாதான் சொன்னாள். சொல்லும்போது தலை குனிந்திருந்தது.

"பக்கத்துல நிக்கறவங்க என்ன நெறமோ, அதையே இவருக்கும் போடணும் ஹஜ்ரத்."

கதவோரத்தில் இருந்த அவர் மனைவி, "யா அல்லாஹ்" என்றார்.

ஹஜ்ரத் தேநீரை ஓரமாக நகர்த்தினார். "சந்தேகம் வந்தா தண்டனைய நிறுத்தணும்னு எங்க சட்டத்துல ஒரு விதி உண்டு. அது வழக்கு மன்றத்துக்கு, போருக்கு இல்ல. நான் இழுத்துப் பொருத்தக் கூடாது. ஆனா அதை நெனைக்காம இருக்க முடியலம்மா."

"அப்போ விட்டுடலாம்ங்கறீங்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் திங்கட்கிழமைக்குள் தூங்கிவிடுவேன்.

"சந்தேகமானத விட்டுட்டு சந்தேகம் இல்லாததுக்குப் போங்கன்னு சொல்லலாம். தப்பு பக்கமே போகாம இருக்கறது, அதுதான் பேணுதல். ஆனா நீங்க எழுந்துட்டா அந்த நாற்காலியில வந்து உக்கார்றவங்க இந்தக் கேள்வியைக் கேட்டுட்டு எங்கிட்ட வருவாங்களா? அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. அல்லாஹ்தான் அறிஞ்சவன்."

அஸர் என்கிற மாலைத் தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் எழுந்தார். நாங்களும் எழுந்தோம். மீதி சமோசாவை அவர் மனைவி பொட்டலம் கட்டி பிரிசில்லாவின் பைக்குள் திணித்தார்.

இதேபோல் கேள்வியைத் தூக்கிக்கொண்டு போக நினைப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்த சில விஷயங்கள். இரண்டு இடத்துக்கும் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். ஃபாதரைப் பார்க்க ஞாயிறு உதவாது, ஹஜ்ரத்தைப் பார்க்க வெள்ளி உதவாது. பள்ளிவாசல் எல்லாவற்றிலும் பெண்களுக்கு இடம் இருக்கும் என்று சொல்ல முடியாது, அதனால் தெரிந்தவர்கள் வழியாக வீட்டில் சந்திப்பதே நல்லது. ஒரு துப்பட்டா எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் கடற்கரைச் சாலை ஒத்திகை எந்த நாட்களில் என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். பேருந்து இலவசம், ஆட்டோ இருநூறு, சாப்பாடு நூற்றைம்பது, மற்றதெல்லாம் அவர்கள் உபசரிப்பு. ஒரே நாளில் இரண்டு பேரையும் பார்க்காதீர்கள். நடுவில் ஒரு நாளாவது விடுங்கள், இல்லையென்றால் எது யார் சொன்னது என்பதே கலந்துவிடும். எனக்கு இப்போதும் தவமும் கூலியும் கனவில் ஒன்றாக வருகின்றன.

பயணம் அத்தோடு முடிந்தது. ஆனால் திங்கட்கிழமையைச் சொல்லாமல் விட்டால் நீங்கள் கேட்பீர்கள்.

பதினோரு மணிக்கு மேலாளர் முன்னால் உட்கார்ந்தேன். தெரியவில்லை என்று குறிக்க மூன்றாவதாக ஒரு நிறம் கொடுத்தால் என் குழு வேலையை எடுக்கும் என்றேன். ஞாயிறு முழுக்க யோசித்துக் கண்டுபிடித்த வழி. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

"முதல்ல இருந்துச்சு உமா, மஞ்சள்" என்றார் அவர், சாதாரணமாக. "இதுக்கு முன்னாடி பண்ண டீம் எல்லாத்துக்கும் மஞ்சளே போட்டுட்டாங்க. க்ளையண்ட் எடுத்துட்டாங்க."

நான் இதில் இல்லை, குழுவில் யாருக்கு விருப்பமோ அவர்கள் செய்யட்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவர் கோபப்படவில்லை. மதியமே என்னை ஒரு துணிக்கடை இணையதளத்துக்குச் சேலைக் கரைகளைக் குறிக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார். அங்கே ஒரே ஒரு ஆளுக்குத்தான் கூடுதலாக இடம் இருந்தது. பிரிசில்லா பின்னாலேயே வந்து நின்றாள். "தவம்லாம் நம்மளால முடியாதுக்கா, நானும் வந்துடறேன்" என்றாள். சேலை வேலை மூன்று மாதத்துக்குத்தான் என்று அவளுக்கும் தெரியும்.

அடுத்து ஃபரீதா வருவாள் என்று காத்திருந்தேன். அவளுக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லிக் கேட்டு வாங்கக்கூடத் தயாராக இருந்தேன். அவள் வரவில்லை. மாலையில் தரமணி ரயில் நிலைய நடைமேடையில்தான் பிடித்தேன்.

"நான் அதுலயே இருக்கேன்க்கா" என்றாள்.

"என்ன சொல்ற? ஹஜ்ரத் அவ்வளவு சொன்ன பிறகுமா?"

"போன வாரம் மாதிரியில ஒரு படம் வந்துச்சு. உங்ககிட்ட சொல்லல. காலி மைதானம், நூறு பேருக்கு மேல இருப்பாங்க, வரிசை வரிசையா. பக்கத்து சீட்ல ஆரம்பிச்சு எல்லாத்தையும் சிவப்பாக்கிட்டாங்க. நேரா நிக்கறாங்க, முன்னாடி ஒருத்தர் தனியா நிக்கறாரு, அவருதான் தலைவர்னு சொன்னாங்க." அவள் பையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "அது ஈத் பெருநாள் தொழுகைக்கா. வரிசைக்குப் பின்னாடி செருப்பெல்லாம் புள்ளி புள்ளியாக் கெடக்குது. எனக்குப் பாத்த ஒடனே தெரிஞ்சிடுச்சு. நான் சொல்லித்தான் பச்சையாக்கினாங்க. நானும் வந்துட்டா அந்த ரூம்ல அதைத் தெரிஞ்சவங்க யாருமே கெடையாது."

வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் அவள் ஏறினாள், நான் ஏறவில்லை. அவளைத் தடுக்க நினைத்தேன், வாய் வரவில்லை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. அவள் அங்கே இருக்கப் போகிறாள் என்று கேட்டதும் எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

இப்போது நான் நாள் முழுக்க சேலைக் கரைக்குக் கட்டம் போடுகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு ஃபரீதா எங்கள் மேசைக்கு வருவாள். சில நாள் டப்பாவைத் திறந்துவிட்டுச் சாப்பிடாமலேயே மூடிவிடுவாள். அன்றைக்கு என்ன படம் வந்தது என்று நானும் கேட்பதில்லை, பிரிசில்லாவும் கேட்பதில்லை. நான் விலகிவிட்டேன், என் கை சுத்தம். அவள் விலகவில்லை, அதனால் எனக்கு இரவில் தூக்கம் வருகிறது. இது நியாயமா என்று ஃபாதரிடம் கேட்கலாம், ஹஜ்ரத்திடமும் கேட்கலாம், இரண்டு பேருடைய எண்ணும் என் கைபேசியில் இருக்கிறது. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.